குறைந்த வருமானத்தில் வங்கி ஓ.டி.யை அடைத்து முடிக்கும் வழி

"ஓ.டி. ஓடுகிறது" என்றுதான் திருநெல்வேலிப் பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள், ஓ.டி.யை அடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவர் சொல்லக் கேட்பது அரிது. ஓ.டி. என்பது ஓவர்டிராஃப்ட், அதாவது கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் வங்கி அனுமதித்த வரம்புவரை எடுத்துக்கொள்ளும் கடன். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களை நம்பி ஒரு சிறிய எழுதுபொருள் கடை நடத்திய நானும் ஏழு ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கின் வரம்பு ஒரு லட்சம் ரூபாய். ஏழு ஆண்டுகளில் ஒரு மாதம்கூட வட்டி தவறியதில்லை. கிளையில் எனக்கு நல்ல பெயர். ஆனாலும் ஏழாம் ஆண்டின் முடிவில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது, அதுவரை கட்டிய வட்டி மட்டும் எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. பாக்கியோ 98,000 ரூபாயாக அப்படியே நின்றது. அதன்பிறகு 40 மாதங்களில் அதை அடைத்து முடித்தேன். அந்த 40 மாதங்களில் என் வருமானம் கூடவில்லை. மாறியது கணக்கை நடத்திய முறை ஒன்றுதான். மாதம் பதினைந்தாயிரம், இருபதாயிரம் வருமானத்துக்குள் வாழ்கிறவர்களுக்கு அந்த முறை பயன்படும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

தவணைக் கடனுக்கும் ஓவர்டிராஃப்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வண்டிக் கடன் வாங்கினால், மாதம் இவ்வளவு என்று வங்கி தவணையை நிர்ணயித்துக் கொடுத்துவிடும். அந்தத் தவணைக்குள்ளேயே அசலின் ஒரு பகுதியும் இருப்பதால், நீங்கள் எதையும் யோசிக்காமல் கட்டிவந்தாலும் கடன் ஒரு நாள் தானாகத் தீர்ந்துபோகும். ஓ.டி. அப்படிப்பட்டதன்று. வரம்புக்குள் நின்று வட்டியைச் செலுத்திவரும்வரை, அசலைத் திருப்பிக் கொடு என்று யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதற்கொரு கட்டணத்தையும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் கணக்கில் பற்று எழுதிவிடுவார்கள். இன்று நீங்கள் கட்டும் ஐயாயிரம் ரூபாய், வரம்பு இறங்காத காரணத்தால், நாளைக்கே எடுத்துக்கொள்ளக் கூடிய பணமாக அங்கே காத்திருக்கும். மடையை அடைக்காமல் குளத்தை நிரப்ப முயல்வதைப் போன்றது அது. ஆகவே ஓ.டி.யை அடைப்பது என்றால் பணம் கட்டுவது மட்டுமன்று, கட்டிய அளவுக்கு வரம்பையும் எழுத்துமூலம் இறக்கிக்கொண்டே வருவதுதான். மற்றவை எல்லாம் இதற்குத் துணை.

உங்களுடையது எந்த வகை ஓ.டி. என்பதைத் தெரிந்துகொள்வது அடுத்தது. வைப்புத்தொகையின் பேரில் வாங்கிய ஓ.டி.க்கு வட்டி பெரும்பாலும் அந்த வைப்புக்கு வங்கி தரும் வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, கட்ட முடியாத நிலை வந்தால் வைப்பையே முறித்து ஒரே நாளில் முடித்துவிடலாம். ஜன்தன் கணக்கில் கிடைக்கும் ஓ.டி.யின் உச்சவரம்பு 10,000 ரூபாய். சம்பளக் கணக்கின் பேரிலும், கடைச் சரக்கின் பேரிலும், முத்ரா திட்டத்தின் கீழும், வீட்டுப் பத்திரத்தின் பேரிலும் வாங்கியவைதான் ஆண்டுக்கணக்கில் நின்று வருமானத்தைத் தின்பவை. இந்தக் கட்டுரை முக்கியமாக அவற்றுக்கானது.

கணக்குத் தாளைப் படித்தல்

கடந்த 12 மாதத்துக்கான ஸ்டேட்மென்டைக் கிளையில் கேட்டு வாங்கி, இரவில் கடை மூடியபின் ஒரு மணி நேரம் அதனுடன் உட்காருங்கள். கைப்பேசித் திரையில் பார்ப்பது போதாது. தாளில் பார்க்க வேண்டும். என் தாளில் ஒரு மாதத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: வட்டி, 1,082 ரூபாய். அந்த மாதத்துக்கு 31 நாள்; வட்டி 13 சதவீதம்; மாதம் முழுவதும் 98,000 ரூபாய் அசையாமல் நின்றிருக்கிறது. 98,000ஐ 13ஆல் பெருக்கி, 100ஆல் வகுத்து, பிறகு 365ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி ஏறத்தாழ 34 ரூபாய் 90 காசு. அதை 31ஆல் பெருக்கியபோது அந்த 1,082 வந்தது. வங்கி போட்ட கணக்கை நானே என் கையால் போட்டுப் பார்த்த அந்த இரவில்தான், காலையில் கடையைத் திறக்கும் முன்பே 34 ரூபாய் 90 காசு போய்விடுகிறது என்பது எனக்கு உறைத்தது. ஒரு குயர் நோட்டுக்கு எனக்குக் கிடைத்த இலாபத்தை வைத்துப் பார்த்தால், தினமும் விற்கும் முதல் ஐந்தாறு நோட்டுகள் எனக்காக விற்கப்படவில்லை.

வட்டி வரிகளை ஒரு நிறத்திலும், கட்டண வரிகளை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள். குறுஞ்செய்திக் கட்டணம், செக் திரும்பிய கட்டணம், தானியங்கிப் பற்று (ஆட்டோ டெபிட்) திரும்பிய கட்டணம், சரக்குக் காப்பீட்டுப் பிரீமியம், ஆய்வுக் கட்டணம், புதுப்பித்தல் கட்டணம் என்று சின்னச் சின்னதாக வந்துகொண்டிருக்கும். இவற்றில் சிலவற்றை ஒரே கடிதத்தில் நிறுத்திவிடலாம். கணக்கில் பணமில்லாத தேதியில் காப்பீட்டுத் தவணையோ சீட்டுத் தவணையோ வந்து திரும்பிப்போவதுதான் பெரும்பாலோருக்கு நேரும் வீண் இழப்பு. தவணைத் தேதியைச் சம்பள நாளுக்கு மறுநாளாக மாற்றித் தரச் சொன்னால் அது நின்றுவிடும்.

அபராதம் என்ற பெயரில் தாளில் ஏதாவது பதிவு இருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு, 2024 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, தவறியதற்கான அபராதத்தைக் கூடுதல் வட்டியாக வட்டி விகிதத்தின் மேல் ஏற்றக் கூடாது. கட்டணமாக மட்டுமே வாங்கலாம், அந்தக் கட்டணத்தின் மேல் மறுபடியும் வட்டி போடவும் கூடாது. தாளில் இதற்கு மாறாக இருந்தால் எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எவ்வளவு, எத்தனை நாளில்

மாதம் 18,000 ரூபாய் வருமானமுள்ள ஒருவருக்குச் சம்பளக் கணக்கின் பேரில் 60,000 ரூபாய் ஓ.டி. இருக்கிறது, முழுவதும் எடுத்தாயிற்று, வட்டி 13 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக மாத வட்டி 650 ரூபாய். வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு 30 மாதம் இருந்தால் 19,500 ரூபாய் கட்டியிருப்பார். கடன் 60,000 ஆகவே நிற்கும். அதே ஆள் வட்டிக்கு மேல் மாதம் 2,000 ரூபாய் கட்டி, அதே 2,000 அளவுக்கு வரம்பையும் இறக்கிவந்தால், 30 மாதத்தில் கணக்கு முடிந்துவிடும். மொத்த வட்டி சுமார் 10,000 ரூபாய்தான் ஆகியிருக்கும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்பதால், முதல் மாதம் கட்டிய அதே 2,650 ரூபாயைக் கடைசிவரை குறைக்காமல் கட்டிவந்தால் 27ஆம் மாதத்தில் ஒரு சிறு தொகையோடு முடிந்துபோகும்.

2,000 முடியாது, 1,000தான் முடியும் என்றால் 1,000 போடுங்கள். இறங்குகிற கணக்காக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். முடியாத தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் 5,000 வீதம் கட்டிவிட்டு, மூன்றாம் மாதம் 12,000ஐத் திரும்ப எடுப்பவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வட்டி நாள்கணக்கில் ஏறுகிறது என்பதால் இன்னொரு வசதியும் உண்டு. சம்பளமோ வசூலோ கைக்கு வந்த அன்றே முழுவதையும் ஓ.டி. கணக்கில் போட்டுவிட்டு, வீட்டுச் செலவுக்கு வாரம் ஒரு முறை அளந்து எடுத்தால், மேலே சொன்ன 18,000 ரூபாய் வருமானக்காரருக்கு மாதம் முழுக்கச் சராசரியாக 9,000 ரூபாய் கணக்கில் நிற்கும். அதனால் மாதம் 97 ரூபாய்க்குச் சற்று மேலாக, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,170 ரூபாய் வட்டி மிஞ்சும். பணத்தை வீட்டில் அரிசிப் பானைக்குள் வைத்துச் செலவழித்தாலும் செலவு அதேதான், ஆனால் அந்த 1,170 போய்விடும். ஆனால் அளந்து எடுக்கும் ஒழுங்கு கைவந்தவர்களுக்கே இது பொருந்தும். ஏ.டி.எம். அட்டை சட்டைப்பையில் இருந்தால் கை நிற்காது என்று தெரிந்தவர்கள், தவணைத் தொகையை மட்டும் ஓ.டி.யில் போட்டுவிட்டு, செலவுப் பணத்தை வேறொரு சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொள்வதே நல்லது. நான் இரண்டாவது வகை. அட்டையைக் கிளையில் ஒப்படைத்துவிட்டேன்.

மேலாளருக்கு எழுதும் கடிதம்

வரம்பைக் குறைக்கக் கேட்டு நான் போனபோது, மேலாளர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "கூட்டிக் கேட்டுத்தான் எல்லாரும் வருவாங்க அண்ணாச்சி. குறைச்சிட்டா பிறகு நினைச்சவுடன கூட்டித் தர முடியாது, யோசிச்சுக்கிடுங்க" என்றார். "கூட்ட முடியாம இருக்கணும்னுதான் சார் கேக்கேன்" என்று சொன்னேன். அதன்பிறகு அவர் மறுக்கவில்லை. மாதாமாதம் மாற்றுவது கணினியில் சிரமம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 7,500 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று அவரே வழியும் சொன்னார்.

கடிதத்தை நீளமாக எழுத வேண்டாம். "மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கிளையில் உள்ள எனது ஓவர்டிராஃப்ட் கணக்கின் வரம்பு தற்போது 60,000 ரூபாயாக உள்ளது. இக்கணக்கை முழுமையாக அடைத்து முடிக்க விரும்புவதால், வரும் காலாண்டு முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 6,000 ரூபாய் வீதம் வரம்பைக் குறைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். குறைத்த வரம்பை எனது வேண்டுகோள் இல்லாமல் உயர்த்த வேண்டாம். இதற்கு ஏதேனும் கட்டணம் உண்டென்றால் முன்கூட்டியே தெரிவிக்கவும்." கணக்கு எண், தேதி, கையெழுத்து. இரண்டு பிரதி எடுத்துச் சென்று, ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முத்திரை வாங்காத கடிதம் கொடுக்காத கடிதம்தான்.

சில வங்கிகளில் மாதாமாதம் தானே இறங்கும் வரம்புடைய ஓ.டி. உண்டு, டிராப்லைன் என்பார்கள். உங்கள் கணக்கை அதற்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், நிற்கும் பாக்கியைத் தவணைக் கடனாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். வட்டி சற்றுக் கூடினாலும்கூட, கை தடுமாறுகிறவர்களுக்குத் தவணைக் கடன்தான் பாதுகாப்பு என்பது என் கருத்து.

பணம் எந்த மாதத்தில் வரும், எந்த மாதத்தில் போகும்

நம் பக்கத்தில் வருமானம் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக வருவதில்லை. தாமிரபரணிப் பாசனத்தில் இருப்பவர்களுக்குக் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களின் அறுவடைக்கும் பணம் வரும். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் வட்டாரத்தில் பீடி சுற்றுகிற பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாரம் வாரம் வரும். என்னைப் போன்ற எழுதுபொருள் கடைக்காரனுக்கு ஜூனில் ஒரு மாதம் நல்ல மழை, அதன்பின் தூறல். ஆகவே எல்லா மாதமும் ஒரே தவணை என்று நிர்ணயிப்பதைவிட, வருமானம் வரும் மாதத்தில் இரண்டு மடங்கு, வறண்ட மாதத்தில் வட்டி மட்டும் என்று ஆண்டுக் கணக்காகப் போட்டுக்கொள்ளலாம். வாரக்கூலிக்காரர்கள் மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம்; வாரம் 500, 600 என்று போட்டால் நாள்வட்டியும் குறையும், பணமும் கையில் தங்கிக் கரையாது.

செலவுக்கும் இதேபோல ஒரு காலண்டர் உண்டு. அதை முன்பே எழுதிவைக்காதவர்களின் திட்டம் நான்காவது மாதத்தில் முறிந்துவிடும். ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி, பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோவிலுக்குப் போய்வரும் வண்டிச் செலவும் பொங்கல் செலவும், ஜூனில் பள்ளிக் கட்டணம், ஆனித் தேரோட்டத்துக்கு வரும் விருந்தாட்கள், தீபாவளித் துணி. இவற்றையெல்லாம் நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நிறுத்தச் சொன்னாலும் நடக்காது. கடந்த ஆண்டு ஒவ்வொன்றுக்கும் ஆனதைக் கூட்டி, 12ஆல் வகுத்து, மாதாமாதம் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் தனியே போட்டுவந்தால், கொடை வரும்போது ஓ.டி.யைத் தொட வேண்டியிருக்காது.

செய்முறையை, அதாவது விசேஷ வீடுகளில் எழுதும் மொய்யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்கு ஒருவர் எழுதிய மொய்யைத் திருப்பி எழுதுவதும் ஒரு கடன்தான், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் வாங்கியதைத் திருப்புவது வேறு, புதிதாகக் கூட்டி எழுதுவது வேறு. மொய் நோட்டை எடுத்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் யார் யார் வீட்டில் விசேஷம் வரக்கூடும் என்று கணித்து, வாங்கிய தொகையை மட்டும் ஒதுக்கினோம். இந்தக் கணக்கைப் போட்டது என் மனைவி. எந்த வீட்டுப் பெண் எப்போது சமைந்தாள், எந்தப் பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். ஓ.டி. அடைப்பதை வீட்டுக்குத் தெரியாமல் செய்ய நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

நோய்தான் திட்டத்தை உடைக்கும் இன்னொன்று. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை பெறலாம்.

வேறு கடன்களும் இருந்தால்

வங்கி சொல்லும் வட்டி ஆண்டுக்கு. ஊரில் சொல்லும் வட்டி மாதத்துக்கு. மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36. பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 120. எல்லாவற்றையும் ஆண்டுக் கணக்குக்கு மாற்றி ஒரே தாளில் எழுதினால் எதை முதலில் அடைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்: தனியார் வட்டி முதலில், கிரெடிட் கார்டு அடுத்து, ஓ.டி. அதன்பின், நகைக்கடன் கடைசி. மேலே உள்ளது தீரும்வரை ஓ.டி.க்கு வட்டியை மட்டும் தவறாமல் கட்டிவந்தால் போதும்.

ஓ.டி.யை அடைக்கக் கந்துவட்டிக்கு வாங்காதீர்கள். ஒரு வாரத்தில் திருப்பிவிடலாம், புதுப்பித்தலுக்காக இரண்டே நாள் கணக்கில் காட்டிவிட்டு எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று தொடங்கிய பலரின் கடை இன்று இல்லை. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு குடும்பத்தைக் கந்துவட்டி பலிகொண்டதை நம் ஊர் மறக்க முடியாது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவை மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஏற்கெனவே அந்தப் பிடியில் இருப்பவர்கள் காவல் நிலையத்திலும், திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். கடனால் மனம் தாங்காத நிலை வந்தால், எந்த நேரத்திலும் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்; பேசிவிடுங்கள்.

வீட்டில் நகை இருந்தால், குறைந்த வட்டிக்கு அதை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்து ஓ.டி.யை முடிக்கலாமா என்று கேட்பார்கள். வட்டியில் தெளிவான வித்தியாசம் இருந்து, பணம் கட்டிய அதே நாளில் ஓ.டி. வரம்பையும் ஒப்படைத்துக் கணக்கை மூடினால் சரி. வரம்பை மூடாமல் விட்டால், ஆறு மாதத்தில் நகையும் அடகில் இருக்கும், ஓ.டி.யும் நிரம்பியிருக்கும். மகளிர் குழுக் கடனை வைத்து அடைப்பதற்கும் இதே விதிதான்.

கட்ட முடியாமல் போனால்

தொடர்ந்து 90 நாட்கள் பாக்கி வரம்புக்கு மேலேயே நின்றாலும், 90 நாட்களாகக் கணக்கில் வரவே இல்லாவிட்டாலும், வந்த வரவு அந்தக் காலத்தில் போட்ட வட்டிக்குக்கூடப் போதாவிட்டாலும், அந்தக் கணக்கை வங்கி வாராக்கடன் பட்டியலுக்குக் கொண்டுபோகும். ஆகவே மிக மோசமான காலத்திலும் வட்டி அளவுக்காவது வரவு வைத்துவிட வேண்டும். முடியாது என்று தெரிந்தால் 90 நாள் முடியக் காத்திராமல், முதல் மாதத்திலேயே கிளைக்குப் போய் நிலைமையை எழுதிக் கொடுங்கள். முன்னால் வந்து சொல்கிறவருக்குத் தவணையை மாற்றித் தர மேலாளருக்கு இடம் இருக்கும். பட்டியலில் ஏறிய பிறகு அவர் கையில் அதிகம் இருக்காது.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ தொலைபேசியில் அழைக்கக் கூடாது. மிரட்டவோ, உறவினர்களிடம் சொல்லி அவமானப்படுத்தவோ கூடாது. இது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடித்துக்கொள்ளலாம் என்று வங்கியே சில நேரம் அழைக்கும். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் நடக்கும் மக்கள் நீதிமன்றத்திலும் இப்படிப்பட்ட சமரசங்கள் நடக்கின்றன. அங்கே நீதிமன்றக் கட்டணம் இல்லை. வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது நல்ல வாசல். ஆனால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு "முடிக்கப்பட்டது" என்று வராமல் "சமரசம்" என்று பதிவாகும், பின்னால் வீட்டுக்கடனோ கல்விக்கடனோ கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும் என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

கணக்கை மூடும் நாள்

பாக்கி பூஜ்யம் ஆனதும் வேலை முடிந்துவிட்டது என்று நானும் நினைத்தேன். கடைசித் தொகையைக் கட்டிவிட்டு, இருட்டுக்கடைக்குப் போய் அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நான்கு மாதம் கழித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: கணக்கில் 1,300 சொச்சம் பற்று. கணக்கை மூடச் சொல்லி நான் எழுதிக் கொடுக்காததால், சரக்குக் காப்பீட்டுப் பிரீமியம் வழக்கம்போல எடுக்கப்பட்டிருந்தது. அதன்மேல் வட்டியும் ஏறத் தொடங்கியிருந்தது. கிளைக்கு மூன்று முறை நடந்து, எழுதிக் கொடுத்து, பிரீமியத்தைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் ஆனது.

ஆகவே கடைசித் தொகையைக் கட்டும் முன், அன்றைய தேதிவரை ஏறிய வட்டியையும் சேர்த்து முடிக்க வேண்டிய தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். கட்டிய அன்றே வரம்பை ரத்து செய்து கணக்கை மூடக் கோரும் கடிதத்தைக் கொடுங்கள். மிஞ்சிய செக் தாள்களையும் அட்டையையும் ஒப்படையுங்கள். காப்பீடு உட்பட எல்லாத் தானியங்கிப் பற்றுகளையும் நிறுத்தச் சொல்லி அதே கடிதத்தில் எழுதுங்கள். பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஓரிரு மாதம் கழித்துச் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அது இலவசம். அதில் இந்தக் கணக்கு மூடப்பட்டதாக வந்திருக்க வேண்டும்.

வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கியிருந்தால் இன்னும் இரண்டு வேலை உண்டு. முழுவதும் கட்டிய 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியுடையது என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. பத்திரத்தை வாங்கும்போது கவுண்டரிலேயே நின்று, ஒவ்வொரு பக்கமும் இருக்கிறதா, தாய்ப்பத்திரம், பட்டா நகல் எல்லாம் கொடுத்தபடியே இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அடுத்து, கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர ஒப்படைப்பு ஆவணம் பதிவாகியிருக்கும். அதை நீக்குவதற்கான ரசீதை வங்கியிடம் எழுதி வாங்கி, அதே அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, அந்த ரசீதுப் பதிவு கடைசி வரியாக வந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, சான்றையும் பத்திரத்தோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.